வீட்டுப் பேச்சு

அத்தியாயம் பதினான்கு

வியாழக்கிழமை வந்துவிட்டது.

கோட்டைச்சாமியின் குடும்பத்தில் ஒவ்வொருவரும் இந்தக் கிழமையை ஒவ்வொரு விதமாக எதிர்பார்த்தார்கள். மனைவி கோகிலாம்பாள் அது வரவே கூடாது என்று சௌடேஸ்வரி அம்மனிடம் வேண்டிக்கொண்டாள். மகன் ஜெகதீஸ்வரன் அது வந்து தொலைந்தால் போதும் என்றிருந்தான். மருமகள் தேவிபிரியா மட்டும் வாய்திறந்து எதுவும் சொல்லவில்லை. சொல்லாமல் இருப்பதில் அவளுக்குப் பதினோராண்டுப் பழக்கம் உண்டு.

கோட்டைச்சாமி பத்திர எழுத்தர். ஆனி மாதத்தில் ஒரு முற்பகல், திருச்சுழியில் தம் எழுத்து மேசையின் முன் அமர்ந்து, ஒரு புஞ்சை நிலத்துக்கு நான்கெல்லை எழுதிக்கொண்டிருந்தார். வடக்கெல்லையை முடித்துக் கிழக்கெல்லைக்கு வந்தபோது வலக்கை பேனாவை நழுவவிட்டது. அடுத்து வலக்கால் துவண்டது. கட்சிக்காரர் ஓடிவந்து தாங்கிப் பிடிப்பதற்குள் பேச்சும் போய்விட்டது. பக்கவாதம். மதுரையில் இருபது நாள் வைத்தியம் பார்த்த பிறகு, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழி செல்லும் சாலையில் உள்ள நற்றுணை இல்லத்துக்கு அவரைக் கொண்டுவந்தார்கள்.

நெடுநாள் நோயாளிகளை வைத்துப் பராமரிக்கும் அந்த இல்லம் முன்பு பஞ்சு மூட்டைகள் அடுக்கிவைக்கும் கிட்டங்கியாக இருந்த கட்டடம். முன் கூடத்தில் பன்னிரண்டு கட்டில்கள். பயிற்சி கொடுத்தால் தேறக்கூடியவர்கள் அங்கே. பின் கூடத்தில் நாற்பது கட்டில்கள். இனித் தேறுவதற்கில்லை என்று முடிவானவர்கள் அங்கே. பின் கூடம் நரகமன்று. வேளைக்குச் சோறும், நாள்தோறும் குளியலும், துவைத்த விரிப்பும் அங்கும் உண்டு. பயிற்சி மட்டும் இல்லை. முன் கூடத்திலிருந்து பின் கூடத்துக்குப் போனவர்கள் பலர். அங்கிருந்து திரும்பி வந்த ஒருவரையும் யாரும் கண்டதில்லை.

நான்கு மாதம் நிறைந்ததும் மதிப்பீடு செய்வது இல்லத்தின் விதி. சென்ற வியாழக்கிழமையே மருத்துவர் அசோக் ஜெகதீஸ்வரனைத் தனியே அழைத்துச் சொல்லியிருந்தார்.

“நாம சொல்றது எதுவும் அவருக்குப் புரியலை. புரியாதவருக்கு எப்படிப் பயிற்சி குடுக்கிறது? அடுத்த வாரம் கடைசியா ஒரு தடவை பார்ப்போம். அப்பவும் இப்படியே இருந்தா, நீங்க பின் கூடத்துக்குச் சம்மதக் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும்.”

அந்த அடுத்த வாரம்தான் இன்று விடிந்திருக்கிறது.

காலை ஆறரை மணிக்கு அடுக்களையில் தேவிபிரியா தூக்குச்சட்டியில் ரசத்தை ஊற்றிக்கொண்டிருந்தாள். கோகிலாம்பாள் ஒரு கரண்டி எடுத்து வாயில் விட்டுப் பார்த்தாள். பிறகு, பல் துலக்கிக்கொண்டிருந்த மகனிடம் கன்னடத்தில் ஏதோ சொன்னாள். அதன் பொருள் இது:

‘உன் பெண்டாட்டி மறுபடியும் ரசத்தில் வெல்லத்தைப் போட்டுத் தொலைத்திருக்கிறாள். இதைக் குடித்தால் அந்த மனிதருக்கு வருகிற பேச்சும் வராது.’

‘மெதுவாகப் பேசு, அம்மா. அவள் பக்கத்தில்தான் நிற்கிறாள்.’

‘நின்றால் என்ன? அவளுக்கு என்ன விளங்கப்போகிறது?’

தேவிபிரியா தூக்குச்சட்டியின் மூடியைச் சற்று அழுத்தமாகவே மூடினாள். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

அருப்புக்கோட்டையின் நெசவுக் குடும்பங்கள் சிலவற்றைப் போல அந்த வீட்டிலும் பேச்சு கன்னடம். வாசற்படியைத் தாண்டினால் தமிழ். இதில் கோட்டைச்சாமி மிகக் கண்டிப்பானவர். நான்கு பேர் இருக்கும் இடத்தில் அவர்களுக்கு விளங்காத பேச்சில் பேசுவது மரியாதைக் குறைவு என்பது அவர் வகுத்த சட்டம். ஊராருடைய நிலமும் வீடும் தம் கையெழுத்தை நம்பிக் கைமாறும்போது, தம் வாய்ப்பேச்சில் எவருக்கும் ஐயம் வந்துவிடக் கூடாது என்று அவர் நினைத்தார். மகனும் மகளும் பள்ளியில் சேர்ந்த நாள்தொட்டு, எந்தப் படிவத்திலும் தாய்மொழி என்ற இடத்தில் தமிழ் என்றே எழுதினார்கள்.

தேவிபிரியாவின் பிறந்தகம் பாளையம்பட்டி. தகப்பனார் மளிகைக் கடைக்காரர். ஜெகதீஸ்வரனும் அவளும் விரும்பி மணந்தவர்கள். அந்த வீட்டில் அவளை வெளியாள் என்று கருதியிருந்தால் அவள் முன்னிலையில் தமிழ் பேசியிருப்பார்கள். வீட்டு ஆள் என்று கருதியிருந்தால் அவளிடமே கன்னடத்தில் பேசியிருப்பார்கள். அவள் இரண்டிலும் சேராமல் நடுவில் நின்றாள். மாமனார் ஒருவர்தாம் அவள் இருக்கும் இடத்தில் தமிழைத் தவிர வேறு எதையும் பேசாதவர்.

அவளுடைய மகள் ரோஷினி பிறந்தபோது, கோகிலாம்பாள் பேத்தியை மடியில் கிடத்திக்கொண்டு கண்ணைக் காட்டு, மூக்கைக் காட்டு, நாக்கை நீட்டு என்று நாள் முழுவதும் கன்னடத்தில் கொஞ்சிக்கொண்டிருப்பாள். பக்கத்தில் படுத்திருந்த தாயும் குழந்தையோடு சேர்ந்து கற்றுக்கொண்டாள். குழந்தை ஒரு சொல் கற்றால் இவளும் ஒரு சொல். குழந்தை வாக்கியம் பேசத் தொடங்கியபோது இவளுக்கும் வாக்கியம் விளங்கியது.

அப்படி விளங்கிய முதல் வாக்கியம் இவளுடைய தகப்பனாரின் மீசையைப் பற்றியது. அது பாராட்டு வாக்கியமன்று.

அன்றே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அவர்கள் குரலைத் தாழ்த்தியிருப்பார்கள். கதவைச் சாத்திக்கொண்டு பேசியிருப்பார்கள். அந்த வீட்டில் என்ன நடக்கிறது என்பதை அறிய அவளுக்கு இருந்த ஒரே வழியும் அடைபட்டிருக்கும். அதனால் சொல்லவில்லை. ஓர் ஆண்டு சொல்லாமல் இருந்தபின் சொல்வது கடினமாயிற்று. பத்தாண்டு சொல்லாமல் இருந்தபின் சொல்வது குற்றத்தை ஒப்புக்கொள்வதைப் போலாயிற்று.

ரோஷினியைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு மாமியாரும் மருமகளும் திருச்சுழி பஸ்ஸில் ஏறினார்கள். ஆலையில் இரவு ஷிப்டு முடிந்து அதிகாலையில்தான் வந்திருந்த ஜெகதீஸ்வரன், பின்னால் வண்டியில் வருவதாகச் சொன்னான்.

“கையெழுத்துப் போடுறதுக்கு மட்டும் நேரத்துக்கு வந்துருவான்” என்றாள் கோகிலாம்பாள், ஜன்னலோரம் அமர்ந்தபடி. பஸ்ஸில் ஆட்கள் இருந்ததால் அதைத் தமிழில் சொன்னாள்.

“அவுகளும் என்ன செய்வாக அத்தை? நாலு மாசமா தூக்கமில்லை.”

“எனக்கு மட்டும் தூக்கமா வழியுது? புருசனுக்குப் பரிஞ்சு பேசுறதுல உன்னை அடிச்சுக்க ஆளில்லை தாயி.”

பருத்தி விதைப்புக்காக உழுதுபோட்ட கரிசல் காடுகள் இருபுறமும் மழையை எதிர்பார்த்துக் கிடந்தன. இல்லத்தின் வாசலில் பஸ் நின்றபோது மணி ஒன்பது.

முன் கூடத்தில் கிழக்குப் பக்க ஜன்னலை ஒட்டியது கோட்டைச்சாமியின் கட்டில். அடுத்த கட்டிலில் எம்.ரெட்டியபட்டி மாரிச்செல்வம். லாரியில் லோடு ஏற்றும்போது பஞ்சுப் பொதியோடு விழுந்து இடுப்பெலும்பை முறித்துக்கொண்டவன். இப்போது இரண்டு கம்பிகளைப் பற்றிக்கொண்டு பத்தடி நடக்கிறான்.

“வாங்கம்மா, வாங்கக்கா. எனக்கு இடுப்பு போச்சு, வாயி போகலை. ஐயாவுக்கு வாயி போச்சு, இடுப்பு நல்லாருக்கு. ரெண்டு பேரையும் சேத்துத் தச்சா ஒரு முழு ஆளு தேறும்.”

“பேசாம கெட மாரி, டாக்டரு வர்ற நேரம்” என்று அதட்டினாள் பணிப்பெண் தங்கமாரி. பிறகு கோகிலாம்பாளிடம் திரும்பி, “அம்மா, ஐயா வேட்டி ரெண்டு துவைச்சுக் காயுது. வந்து எதுன்னு பாத்து எடுத்துக்கோங்க” என்று கொல்லைப்புறத்துக்கு அழைத்துச் சென்றாள்.

தேவிபிரியா மாமனாருக்கு வாய் துடைத்துவிட்டாள். அவர் கண்களை இறுக்கிக்கொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கமாகத் திருப்ப முயன்றுகொண்டிருந்தார். தொண்டையிலிருந்து குழறலாக ஏதோ வந்தது.

“ஆரம்பிச்சிட்டாக” என்றான் மாரிச்செல்வம். “தெனமும் இதான் அக்கா. நீங்க மத்தியானம் வர்றீக, அதனால பாத்திருக்க மாட்டீக. விடிஞ்சதும் தொடங்கிரும். ‘பிசிலு, பிசிலு’ம்பாக. வெயிலு ஏற ஏறச் சத்தம் கூடும். பத்து மணிக்கு மேல தானா அடங்கிரும். தங்கமாரியக்கா நோட்டுல உளறல்னு எழுதிட்டாக.”

தேவிபிரியாவின் கை அப்படியே நின்றது.

“என்னம்பாக?”

“பிசிலு. என்ன எழவோ, ஒண்ணும் வெளங்கலை.”

அவளுக்கு விளங்கியது. ரோஷினி தவழ்ந்த காலத்தில் முற்றத்துக்குப் போகாதே என்று கோகிலாம்பாள் தடுக்கும்போதெல்லாம் சொன்ன சொல் அது. பிசிலு என்றால் வெயில்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். ஜன்னலுக்குத் திரை இல்லை. ஐப்பசி வெயில் நேராகக் கட்டிலில் இறங்கி அந்த மனிதரின் முகத்தில் அடித்துக்கொண்டிருந்தது. நான்கு மாதமாக நாள்தோறும் காலையில் அடித்துக்கொண்டிருந்திருக்கிறது.

துண்டை எடுத்து ஜன்னல் கம்பிகளில் விரித்துக் கட்டினாள். பிறகு குனிந்து, அவர் காதருகே, தன் வாழ்நாளில் முதன்முறையாக அந்தப் பேச்சை வாய்விட்டுப் பேசினாள்.

“பிசிலா, மாவா?”

வெயிலா, மாமா?

கோட்டைச்சாமியின் கண்கள் திறந்தன. ஓசை கேட்டு அவர் முன்பும் திரும்பியிருக்கிறார். சொல் கேட்டுத் திரும்பியதில்லை. இப்போது அவர் அவளைப் பார்த்தார். யார் என்று தெரிந்த பார்வை.

“ஹூம்” என்றார். சற்றுப் பொறுத்து, “பிசிலு” என்றார்.

தேவிபிரியா கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

கோகிலாம்பாள் மடித்த வேட்டிகளோடு திரும்பி வந்தபோது, தேவிபிரியா அவளைத் தாழ்வாரத்தில் வழிமறித்தாள்.

“அத்தை, மாமாகிட்ட நம்ம வீட்டுப் பேச்சுல ரெண்டு வார்த்தை பேசிப் பாருங்களேன்.”

“எதுக்கு?”

“தமிழு போயிருந்தாலும் அது போகாம இருக்கலாம்ல.”

“ஆருக்கு, அவுகளுக்கா தமிழு போகும்? நாப்பது வருசம் ஊரு நெலத்தையெல்லாம் தமிழ்ல எழுதிக் குடுத்த மனுசன். போனா எல்லாந்தான் போயிருக்கும்.”

“ஒரே ஒரு தடவை அத்தை. டாக்டரு வர்றதுக்குள்ள.”

கோகிலாம்பாளின் முகம் சிவந்தது.

“இந்தா பாரு தாயி. வெளியாளுக முன்னால எங்க பொம்பளைக அந்தப் பேச்சுல வாயத் தொறக்கிறது எப்பன்னு தெரியுமா? எழவு வீட்டுல. பொணத்துக்கு முன்னால உக்காந்து அழுகும்போது மட்டுந்தான். அவுக அம்மா செத்தன்னிக்கு நான் அழுதேன், ஊரே கேட்டுச்சு. உசுரோட இருக்கிற மனுசன் கட்டிலுக்கு முன்னால வந்து என்னை ஒப்பாரி வைக்கச் சொல்றியா?”

இந்த வழக்கம் தேவிபிரியாவுக்குத் தெரியாது. அவர் இப்போதுதான் பேசினார் என்று சொல்லிவிடலாம். ஆனால் உனக்கு எப்படி விளங்கியது என்ற அடுத்த கேள்விக்கு, பதினோராண்டு முழுவதையும் பதிலாக எடுத்து வைக்க வேண்டும். அவள் தயங்கினாள். அந்தத் தயக்கத்துக்குள் மருத்துவர் அசோக்கின் குரல் கூடத்தில் கேட்டது.

அவருடன் வந்தவள் முருகலட்சுமி. பேச்சுப் பயிற்சி அளிப்பவள். வியாழக்கிழமைதோறும் மதுரையிலிருந்து வருபவள். அவர்களுக்குப் பின்னால், தூங்காத கண்களோடு ஜெகதீஸ்வரன். அவன் கையில் ஏற்கெனவே ஒரு படிவம் இருந்தது.

“ஐயா, வணக்கம்” என்று முருகலட்சுமி தொடங்கினாள். “கண்ணை மூடுங்க ஐயா.”

கோட்டைச்சாமி அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“நாக்கை நீட்டுங்க.”

பார்த்துக்கொண்டே இருந்தார்.

“இடது கையத் தூக்குங்க ஐயா. இந்தக் கை. தூக்குங்க.”

இடக்கை நன்றாக இருந்தது. அது அசையவில்லை. முருகலட்சுமி ஒவ்வொரு கேள்விக்கும் இரண்டு முறை பொறுத்திருந்து, ஒவ்வொன்றின் எதிரிலும் ஒரு குறுக்குக் கோடு போட்டாள். அவள் அவசரப்படவில்லை, கவனக்குறைவாகவும் இல்லை. ஆறு கேள்விக்கு ஆறு கோடு.

“வருத்தமாத்தான் இருக்கு” என்றார் அசோக். “ஆனா வெளியில ஏழு பேர் காத்திருக்காங்க, ஜெகதீஸ்வரன். பின் கூடத்துல நல்லாப் பாத்துக்குவோம். அதுக்கு நான் பொறுப்பு.”

“சரி சார்” என்றான் ஜெகதீஸ்வரன். சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, படிவத்தைக் கட்டிலின் கால்மாட்டில் இருந்த சிறு மேசைமீது வைத்தான். கோகிலாம்பாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

பேனா தாளில் பட்டது.

“சார், ஒரு நிமிசம்” என்றாள் தேவிபிரியா. “நான் ஒரு தடவை கேக்குறேன்.”

“நாங்க கேட்டதையே கேக்கப்போறீங்களா?” என்றாள் முருகலட்சுமி.

“அதையேதான். வேற பேச்சுல.”

அவள் கட்டிலின் தலைமாட்டுக்குப் போனாள். அவர் காதருகே குனிந்தாள்.

“மாவா, கண்ணு முச்சி.”

கோட்டைச்சாமி கண்களை மூடினார்.

மாரிச்செல்வம் கட்டில் கம்பியைப் பற்றிக்கொண்டு தலையைத் தூக்கிப் பார்த்தான்.

“எட கை எத்தி, மாவா.”

இடக்கை விரிப்பைவிட்டு எழுந்தது. ஒரு சாண், இரண்டு சாண். அங்கேயே நின்று நடுங்கியது. அவள் இறக்கச் சொல்லும்வரை அவர் இறக்கவில்லை.

ஜெகதீஸ்வரன் பேனாவை மூட மறந்து நின்றான். தந்தையின் கையைப் பார்ப்பதா, மனைவியின் வாயைப் பார்ப்பதா என்று அவனுக்குத் தெரியவில்லை.

“என்ன பாஷை இது?” என்றார் அசோக்.

“கன்னடம் சார். வீட்டுல பேசுறது.”

முருகலட்சுமி கோப்பைப் புரட்டினாள். “தாய்மொழி தமிழ்னு எழுதியிருக்கீங்களே?”

“எப்பவும் அப்படித்தான் மேடம் எழுதுவோம்” என்றான் ஜெகதீஸ்வரன்.

“தெரிஞ்ச குரலா இருக்கலாம். சைகை ஏதாவது பாத்துச் செஞ்சிருக்கலாம்” என்றார் அசோக். மறுக்கும் எண்ணம் அவருக்கு இல்லை. உறுதி செய்துகொள்ள விரும்பினார்.

“அதையும் பாத்துருவோம் சார்” என்ற முருகலட்சுமியின் குரலில் இப்போது விரைவு இருந்தது. தன் பையிலிருந்து ஒரு டம்ளர், ஒரு சாவி, ஒரு சீப்பு மூன்றையும் எடுத்து மேசையில் வைத்து அதைக் கட்டிலுக்கு நெருக்கமாக நகர்த்தினாள். “நீங்க அவர் கண்ணுல படாம பின்னால நில்லுங்க. நான் சொல்ற பொருளை மட்டும் கேளுங்க. முதல்ல சீப்பு.”

தேவிபிரியா வாயைத் திறந்தாள். சொல் வரவில்லை. கண்ணும் கையும் வெயிலும் அவளுக்குத் தெரியும். சீப்புக்கு அந்தப் பேச்சில் என்ன பெயர் என்று அவள் கற்கவில்லை. அந்த வீட்டில் அவளுக்குத் தலைவாரிவிட்டவர் யாரும் இல்லை.

வேறு வழியில்லாமல் மாமியாரைத் திரும்பிப் பார்த்தாள்.

“அத்தை, சீப்புக்கு என்ன?”

கோகிலாம்பாள் அவளையே பார்த்துக்கொண்டு நின்றாள். முந்தானை வாயிலிருந்து நழுவியிருந்தது. கணவர் கண்ணை மூடியதும் கை தூக்கியதும் ஒரு பக்கம். மருமகளின் வாயிலிருந்து தன் வீட்டுப் பேச்சு வந்தது மறுபக்கம். இரண்டில் எதை முதலில் தாங்குவது என்று அவள் திணறியதைக் கூடமே பார்த்தது.

“அத்தை!”

கோகிலாம்பாள் சுற்றிலும் பார்த்தாள். மருத்துவர், பயிற்சியாளர், தங்கமாரி, மாரிச்செல்வம், மற்றும் பத்துக் கட்டில்களின் கண்கள். அத்தனை பேரும் வெளியாட்கள்.

பிறகு அவள் நடந்து வந்தாள். மருமகளிடம் சொல்லவில்லை, கணவரிடமே கேட்டாள்.

“பாச்சணிகெ எல்லி?”

சீப்பு எங்கே என்ற மூன்று வயதுப் பிள்ளைக்கான கேள்விதான் அது. கோட்டைச்சாமியின் இடக்கை மேசையின்மேல் சென்றது. டம்ளரைக் கடந்தது. சாவியைத் தொட்டு, விலகியது. சீப்பை எடுத்தது.

எடுத்த சீப்பை அவர் கீழே வைக்கவில்லை. மனைவியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் ஒன்றோடொன்று போராடின. ஒவ்வோர் எழுத்தாக, கற்களுக்கு நடுவே வழிதேடும் தண்ணீரைப் போல அந்தக் கேள்வி வந்தது.

“எல்லி… ஹோகித்தெ?”

எங்கே போயிருந்தாய்?

நான்கு மாதமாக ஒரு நாள் தவறாமல் பஸ் ஏறி வந்து அவர் அருகில் அமர்ந்திருந்தவள், அதைக் கேட்டதும் கட்டிலின் ஓரத்திலேயே சரிந்து உட்கார்ந்தாள். இங்கேயேதான் இருந்தேன், இங்கேயேதான் இருந்தேன் என்று அவள் கன்னடத்தில் சொல்லத் தொடங்கினாள், சொல்லிக்கொண்டே இருந்தாள். குரல் உயர்ந்தது. யார் கேட்கிறார்கள் என்று அவள் பார்க்கவில்லை.

முருகலட்சுமி தன் தாளில் இருந்த ஆறு குறுக்குக் கோடுகளையும் அடித்துவிட்டு, மேலே புதிதாக ஒரு தேதி போட்டாள்.

“சார், இவரை நான் விடமாட்டேன்” என்றாள்.

அசோக் மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “முன் கூடத்துலயே இருக்கட்டும். மூணு மாசம். ஆனா ஒண்ணு. முருகலட்சுமி வாரத்துல ஒரு நாள்தான் வருவாங்க. மத்த நாள் காலையில பத்துலேருந்து பன்னிரண்டு வரைக்கும் அந்தப் பேச்சு தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல உக்காந்து பயிற்சி குடுக்கணும். ஒரு நாளும் தவறக் கூடாது.”

“தமிழும் மெல்லத் திரும்பி வரலாம்” என்றாள் முருகலட்சுமி. “உறுதி சொல்ல மாட்டேன். ஆனா வாசல் ஒண்ணு திறந்திருக்கு. அது வழியாத்தான் உள்ளே போகணும்.”

தங்கமாரி நோட்டைக் கொண்டுவந்தாள். உளறல் என்று தான் எழுதியிருந்த பக்கங்களை ஒவ்வொன்றாகப் புரட்டினாள். வெட்கமாக இருந்தது அவளுக்கு.

“அம்மா, எனக்கும் நாலு வார்த்தை சொல்லிக் குடுங்க. தண்ணி, பசி, ஒண்ணுக்கு. மூணு போதும். நாலாவது வெயிலு, அது மாரி சொல்லித் தெரிஞ்சுபோச்சு.”

“எனக்கு ஏச்சு வார்த்தை நாலு வேணும்” என்றான் மாரிச்செல்வம். “ஐயா தேறி வந்து வையும்போது வெளங்கணும்ல.”

பன்னிரண்டு மணிக்குக் கோட்டைச்சாமி களைத்து உறங்கிப்போனார். மாமியாரும் மருமகளும் தாழ்வாரத்து விசுப்பலகையில் அமர்ந்தார்கள்.

“அப்ப எல்லாம் வெளங்கும்” என்றாள் கோகிலாம்பாள். கேள்வியாக அவள் அதைக் கேட்கவில்லை.

“வெளங்கும் அத்தை.”

“எம்புட்டு நாளா?”

“ரோஷினிக்கு ஒண்ணரை வயசுலேருந்து.”

கோகிலாம்பாள் மனத்துக்குள் பின்னோக்கிப் போனாள். போகப் போக அவள் முகம் மாறியது.

“உங்கப்பா மீசையப் பத்தி நான் சொன்னது?”

“தேங்கா நாருன்னு சொன்னீக.”

“அடியாத்தீ.” அவள் தலையில் கை வைத்துக்கொண்டாள். “அம்புட்டையும் கேட்டுக்கிட்டு, காப்பி ஆத்திக் குடுத்துக்கிட்டா இருந்த? ஒரு நாளாவது மூஞ்சியில அடிச்ச மாதிரி திருப்பிச் சொல்லியிருந்தா என் வாயி அடங்கியிருக்கும்ல?”

“சொல்லியிருந்தா நீங்க என் முன்னால பேசுறதையே நிறுத்தியிருப்பீக அத்தை. வீட்டுல நான் ஒருத்தி தனியாப் போயிருப்பேன்.”

கோகிலாம்பாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். “இன்னைக்கு ரசத்துல வெல்லம் போட்டியா, இல்லையா?” என்று கேட்டாள்.

“போடலை அத்தை. தக்காளி அப்படி.”

“தக்காளியப் பாத்து வாங்கணும்” என்று சொல்லிவிட்டு அவள் எழுந்தாள். எழும்போது முழங்காலுக்கு ஊன்றுவதற்கு மருமகளின் தோளைப் பிடித்துக்கொண்டாள். கால் நேராகி இருவரும் இரண்டடி நடந்த பிறகும் அந்தக் கை தோளிலேயே இருந்தது. பிறகு கூடத்துக்குள் போனாள்.

வாசலருகே வேப்பமர நிழலில் ஜெகதீஸ்வரன் வண்டிமேல் சாய்ந்து நின்றிருந்தான். கையெழுத்துப் போடாத படிவம் நான்காக மடிந்து அவன் சட்டைப்பையில் இருந்தது. தேவிபிரியாவைக் கண்டதும் நிமிர்ந்தான்.

“அப்பா பொழைச்சிட்டாக தேவி” என்றான். “உன்னாலதான்.”

“நம்மளாலதான் நாலு மாசம் போச்சு. அதையும் நெனைங்க.”

அவன் தலையாட்டினான். வண்டிச் சாவியைக் கையில் உருட்டிக்கொண்டே இருந்தான். கேட்பதற்கு ஒன்று இருந்தது.

“எல்லாம் வெளங்கும்னா… போன மாசம் மொட்டை மாடியில நான் அக்காகிட்ட போன்ல பேசினது?”

தேவிபிரியா கீழே துணி உலர்த்திக்கொண்டிருந்த நாள் அது. ‘அப்பாவைப் பின் கூடத்தில் சேர்த்த பிறகு அம்மாவை நீ சேலத்துக்குக் கூட்டிக்கொண்டு போய்விடு. நான் திருப்பூரில் வேலைக்குச் சொல்லிவைத்திருக்கிறேன். தைக்குள் வீட்டைப் பூட்டிவிடலாம்’ என்று அவன் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியது. தமக்கை சரி என்றாள் என்பதும் அவனுடைய மறுமொழியிலிருந்து விளங்கியது. அன்றிலிருந்து அதை அவள் ஒருவரிடமும் சொல்லவில்லை.

“அதுவுந்தான்” என்றாள்.

ஜெகதீஸ்வரனின் முகத்தில் இருந்த மகிழ்ச்சி வெளிறிப்போனது. அவன் கெட்டவன் அல்லன். நான்கு மாதம் இரவு ஷிப்டு பார்த்துக்கொண்டு, பகலில் மருந்துக்கும் பயிற்சிக்கும் ஓடிக்கொண்டு, ஒரு நாள் முடியவில்லை என்று தோன்றியபோது தமக்கையிடம் சொன்ன சொல் அது. ஆனால் திருப்பூரில் அவனுக்கு இடம் உறுதியாகிவிட்டது. பொங்கலுக்குள் வந்து சேருமாறு நேற்றுத்தான் தகவலும் வந்திருந்தது. இங்கேயோ மூன்று மாதம், ஒரு நாளும் தவறாமல், காலை பத்திலிருந்து பன்னிரண்டு வரை.

“அம்மாகிட்டச் சொல்லிட்டியா?” என்று கேட்டான்.

அவள் அவன் கண்களைப் பார்த்தாள். என்ன சொல்வது என்று அவள் மனத்தில் வாக்கியம் கூடிவந்த நேரத்தில், கட்டடத்துக்குள்ளிருந்து ஒரு குரல் கிளம்பியது. முன் கூடம், பின் கூடம், கொல்லைப்புறம், சாலையில் காத்திருந்த ஷேர் ஆட்டோ என எல்லா இடத்துக்கும் அது கேட்டிருக்கும்.

“தேவீ! பேக பா! மாவா கூப்ட்டரெ!”

சீக்கிரம் வா, மாமா கூப்பிடுகிறார். கோகிலாம்பாள் தன் மருமகளைத் தன் பேச்சில் அழைப்பது அதுவே முதல் முறை. அதுவும் ஊரறிய.

தேவிபிரியா கணவனை வேப்பமரத்தடியிலேயே விட்டுவிட்டுப் படியேறி ஓடினாள். ஓடிக்கொண்டே, அதே பேச்சில், அதே உரத்த குரலில், இதோ வந்துவிட்டேன் என்று பதில் கொடுத்தாள்.

“பந்தே, அத்தே!”